ஈரத்துக்கு யார் பொறுப்பு?



காவிரிப் பாசனப் பகுதியிலே ஆண்டுதோறும் ஒரு விந்தையான நீதிமன்றம் கூடுகிறது. குற்றவாளிக் கூண்டிலே நிற்பது நெல். சாட்சி சொல்வது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவி. ஒரு பிடி நெல்லை அதன் வாயில் போட்டால் எண் ஒன்றைக் காட்டும். 17 என்று காட்டினால் நெல்லுக்கு விடுதலை. எடை மேடைக்குப் போகலாம். 18 என்று காட்டினாலோ, "கொட்டிக் காயவை" என்பது தீர்ப்பு. எங்கே கொட்டுவது? மேலே மழை, கீழே சேறு, சாலையோரத்திலே லாரிகளின் சக்கரம். எதைக் கொண்டு காய வைப்பது? அந்தக் கேள்விக்கு அந்த நீதிமன்றத்தின் சட்டப் புத்தகத்திலே விடையில்லை. தண்டனை விதிக்கப்படுவது நெல்லுக்கு, அனுபவிப்பவன் உழவன்.

நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது என்பது மத்திய அரசு வகுத்த விதி. 2022 அக்டோபரில் குறுவை நனைந்தபோது, கெஞ்சிக் கேட்டு 19 வரை தளர்வு பெற்றோம். 2023 பிப்ரவரியில் சம்பா அறுவடையின்போது பருவம் தவறிய மழை கொட்டியது. 20 வரை தளர்வு கிடைத்தது. 2025 அக்டோபரில் கொள்முதல் நிலையங்களின் வாயிலிலே குவித்து வைத்த நெல் முளைவிட்டது. 22 வரை ஏற்க வேண்டும் என்று மாநில அரசு கேட்டது. மத்தியக் குழுக்கள் வந்தன, குவியலைக் கிளறின, மாதிரியைப் பையில் கட்டி எடுத்துச் சென்றன. குழு வந்து, பார்த்து, மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கை எழுதி, கோப்பு நகர்ந்து, ஆணை பிறக்கும் வரையில் நெல் காத்திருக்குமா? கோப்புக்கு முளைப்பதில்லை, தோழர்களே, நெல்லுக்கு முளைக்கிறது.

இந்தத் தளர்வுக்காக நாமும் குரல் கொடுத்தோம்; மறியல் செய்தோம்; மனுக் கொடுத்தோம். அது தவறன்று. வீடு பற்றி எரியும்போது குடத்துத் தண்ணீரை வீசத்தான் வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் அதே வீடு, அதே மாதத்தில், அதே மூலையிலிருந்து பற்றி எரியுமானால், குடத்தோடு ஓடுவதையே கொள்கையாக வைத்துக் கொள்ளலாமா? "17-ஐ 22 ஆக்கு" என்னும் கோரிக்கை கருணை கேட்கும் கோரிக்கை. ஈர நெல்லை ஈர நெல்லாகவே வாங்கிக் கொள் என்று இரப்பது அது. நாம் கேட்க வேண்டியது வேறு. ஈரத்தைப் போக்கும் கருவியைக் கொடு. அதைச் சுழற்றும் மின்சாரத்தைக் கொடு. இரண்டையும் களத்துமேட்டிலேயே, பொது உடைமையாகக் கொடு! இக்கட்டுரை அந்தக் கோரிக்கைக்காக வழக்காட வந்தது.

முதலில் ஒரு பழியைத் துடைத்தாக வேண்டும். "உழவன் சோம்பேறி, காய வைக்காமல் கொண்டு வருகிறான்" என்று குளிரூட்டிய அறையிலிருந்து பேசுவோர் உண்டு. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படுவது மரபு. அந்தத் தண்ணீரில் பிறக்கும் குறுவை நூற்றுச் சொச்சம் நாள் பயிர். எண்ணிப் பாருங்கள், அறுவடை புரட்டாசியிலும் ஐப்பசியிலும் வந்து விழும். வடகிழக்குப் பருவமழை தலையெடுப்பதும் அப்போதுதான். பஞ்சாபின் கோதுமை ஏப்ரல் வெயிலிலே, கதிரிலேயே காய்ந்து, அரிவாளுக்குத் தானே வந்து நிற்கிறது. நம் நெல்லோ மழைக்குள்ளே பிறக்கிறது. இது சோம்பலா, புவியியலா? வானத்தைப் பார்த்து வகுக்காத விதி வயலைப் பார்த்துப் பழி சொல்கிறது!

அதோடு இன்னொன்று நிகழ்ந்திருக்கிறது. அதை நம் தோழர்களில் பலரும் கருத்தில் கொள்வதில்லை. முன்பு கையால் அறுத்தார்கள். அறுத்த அரி ஓரிரு நாள் வயலிலே கிடந்து காய்ந்தது. பிறகு கட்டாகி, களமேறி, போராகி, அடித்து, தூற்றி, மணி மூட்டைக்குள் போவதற்குள் பாதி ஈரம் காற்றோடு போய்விட்டது. இன்று அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்குகிறது. தாளில் நின்ற கதிர் நொடிப் பொழுதில் மணியாகி டிராக்டர் பெட்டியில் கொட்டுகிறது. ஆள் பற்றாக்குறைக்கும் மழை அச்சத்துக்கும் அதுவே வழி என்று ஆகிவிட்டது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஈரம் காற்றோடு போவதற்கு இருந்த அந்த இரண்டு மூன்று நாட்களை இயந்திரம் விழுங்கிவிட்டது. விழுங்கிய நாட்களைத் திருப்பித் தரவேண்டிய மற்றோர் இயந்திரம், அதாவது உலர்த்தி, வரவே இல்லை. பாதி இயந்திரமயம்! முன்பாதியின் வாடகை தனியாருக்குப் போகிறது. வராத பின்பாதியின் நட்டம் உழவன் தலையில் விழுகிறது.

ஈர நெல்லுக்குள் நடப்பதென்ன? அறுத்த பின்னும் நெல்மணி உயிருள்ள பொருள், மூச்சு விடுகிறது. ஈரம் மிகுந்தால் மூச்சும் மிகும். மூச்சு மிகுந்தால் வெப்பம் பிறக்கும். குவியலுக்குள் பிறந்த வெப்பம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினாலோ கேட்கவே வேண்டாம். அரிசி மஞ்சளாகிறது, பூஞ்சை பிடிக்கிறது, முளை கிளம்புகிறது. இதற்கு வாரக்கணக்கு வேண்டியதில்லை. ஓரிரு நாட்களே போதும். மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டுமானால் நெல்லின் ஈரம் 14 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். இதை அறிய வெளிநாட்டு வல்லுநர் எவரும் வேண்டியதில்லை. பல்லால் கடித்து, ஒலியைக் கேட்டே பதம் சொன்ன பாட்டிமார் நம் ஊரில் இருந்தனர்.

அரசுக்குத் தெரியாதா? தெரியும், தோழர்களே, நன்றாகவே தெரியும்! இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தோன்றியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே திறக்கப்பட்டது? தஞ்சாவூரில். 1967-இல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் எங்கே தொடங்கப்பட்டது? திருவாரூரில், கூட்டுறவு நவீன அரிசி ஆலையிலே. பின்னர் அது தஞ்சைக்கு இடம் பெயர்ந்தது. பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக மாறியது. இன்று தேசிய நிறுவனமாக நிமிர்ந்து நிற்கிறது. அறுபது ஆண்டுகளாக ஆராய்ச்சிக்கூடம் தஞ்சையில். அறுபது ஆண்டுகளாக முளைத்த நெல்லும் தஞ்சையில்! விஞ்ஞானிகளை நான் குறை கூறவில்லை. அவர்கள் கண்டு சொன்னது மதில் சுவரைத் தாண்டிக் களத்துமேட்டுக்கு வர ஒரு மின்கம்பமும் ஒரு வரவு செலவுத் திட்டமும் தேவை. அவற்றை நட வேண்டியது ஆய்வகம் அன்று, அரசு.

இதைவிட எரிச்சலூட்டும் காட்சி ஒன்று உண்டு. கொள்முதல் நிலையத்திலிருந்து சற்றே தள்ளி நிற்கும் ஏதேனும் ஒரு புழுங்கலரிசி ஆலைக்குள் சென்று பாருங்கள். அங்கே நல்ல காய்ந்த நெல்லை வேண்டுமென்றே நீரில் ஊற வைக்கிறார்கள், ஆவியில் அவிக்கிறார்கள். ஊறி அவிந்த நெல்லின் ஈரம் 35 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். அதை அரைக்கும் பதத்துக்கு அங்கேயே உலர்த்திவிடுகிறார்கள். வெளியே மழையா வெயிலா என்று கேட்பார் யாருமில்லை. உமியை எரித்து வெப்பம் உண்டாக்குகிறார்கள். மின் விசிறி அந்த வெப்பக் காற்றை நெல்லுக்குள் ஊதுகிறது. மின் தூக்கி நெல்லை மேலும் கீழுமாகச் சுழற்றுகிறது. ஆலைக்குள்ளே 35-ஐ இறக்குவது அன்றாட வேலை. ஆலைக்கு வெளியே 22-ஐ 17 ஆக்குவது தீராத தேசியப் பிரச்சினை! முதலாளியின் நெல்லுக்குத் தெரிந்த வித்தை உழவனின் நெல்லுக்கு மட்டும் ஏன் எட்டவில்லை?

"மின்சாரச் செலவு தாங்காது" என்பார்கள். தாங்குமா தாங்காதா என்று கணக்குப் போட்டே பார்ப்போம். தோழர்கள் இதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நாளைக்குத் தாலுகா அலுவலகத்தில் கேட்பார்கள்.

ஈரம் 22 விழுக்காடுள்ள ஒரு டன் நெல்லை 17-க்குக் கொண்டுவர, அதிலிருந்து 60 கிலோ நீர் வெளியேற வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 600 கிலோ கலோரி வெப்பம் தேவை. இந்த வெப்பம் முழுவதையும் மின்சாரத்தால் உண்டாக்கினால், வீணாவது எதுவும் இல்லாத போதும் டன்னுக்கு 42 யூனிட் ஆகும். வீணாவதையும் சேர்த்தால் 70, 80 என்று ஏறும். இதைச் செய்யச் சொல்லவில்லை நான். மின்சாரத்தை எரித்து அடுப்பு மூட்டுவது, சந்தனக் கட்டையை வெட்டித் தண்ணீர் காய்ச்சுவது போன்றது. வெப்பத்துக்கு உமி இருக்கிறது. ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி விழுகிறது. ஒரு கிலோ உமி 3000 கிலோ கலோரி வரை தரும். பாதி வெப்பம் வீணாகிறது என்று தாராளமாக விட்டுக் கொடுத்தாலும், அந்த ஒரு டன் நெல்லை உலர்த்த 25 கிலோ உமி போதும். நெல் தன் உடுப்பில் எட்டில் ஒரு பங்கைக் கொடுத்துத் தன் ஈரத்தைத் தானே போக்கிக் கொள்கிறது!

அப்படியானால் மின்சாரம் எதற்கு? காற்றை ஊதவும் நெல்லைத் தூக்கவும் மட்டுமே. பத்து டன் பிடிக்கும் உலர்த்தி ஒன்றில் 10 குதிரைத்திறன் அளவுக்கு மோட்டார்கள் பத்து மணி நேரம் ஓடுவதாக வைத்துக் கொள்ளுங்கள். 75 யூனிட். டன்னுக்கு ஏழரை, முழு எண்ணாகப் பத்து என்றே கொள்வோம். ஐந்து ஏக்கர் குறுவையில் பன்னிரண்டு டன் விளைந்தால் 120 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டாலும் 960 ரூபாய். அந்த நெல்லின் மதிப்பு என்ன? 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2500 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அந்த விலைக்குப் பன்னிரண்டு டன் மூன்று இலட்சம். மூன்று இலட்சத்தைக் காக்க ஆயிரம் ரூபாய் மின்சாரம் இல்லையென்று கைவிரிக்கும் நிர்வாகத்துக்கு என்ன பெயர் சூட்டலாம், நீங்களே சொல்லுங்கள்!

பொறியின் விலை வேறு கணக்கு. அது இலட்சங்களில் ஓடும். அதனால்தான் தனி உழவனால் ஆகாது என்கிறோம்.

இன்னும் ஓர் ஒப்பீடு. அதே ஐந்து ஏக்கருக்கு ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து ஐந்து குதிரைத்திறன் மோட்டார் நாளைக்கு எட்டு மணி நேரமாக அறுபது நாள் இறைத்தால், 1800 யூனிட் அளவுக்கு மின்சாரம் செலவாகும். அதை அரசு இலவசமாகத் தருகிறது, தரவும் வேண்டும். ஆனால் பயிரை வளர்க்கப் பதினைந்து பங்கு கொடுத்துவிட்டு, விளைந்ததைக் காக்கும் கடைசி ஒரு பங்கிலே கையை இழுத்துக் கொள்வது எந்த ஊர்க் கணக்கு? இலவச மின்சாரம் என்றதும் நம் நாவிலும் பம்புசெட் என்ற சொல்தான் வருகிறது. மணி முற்றியதோடு உழவு முடிந்துவிட்டது என்று யார் சொன்னது? தாகத்துக்குத் தண்ணீர் தந்த கம்பி, ஈரத்துக்குக் காற்றும் தரட்டும்.

அந்தக் கம்பி சும்மா வந்ததன்று என்பதை இளந்தோழர்கள் அறிய வேண்டும். 1970-இல் யூனிட்டுக்கு ஒரு காசு உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்டத்து உழவர்கள் எழுந்தனர். பெருமாநல்லூரில் துப்பாக்கி வெடித்தது. மூன்று உழவர்கள் மண்ணில் சாய்ந்தனர். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. கொடுத்தவர்களின் பெயரைக் கல்வெட்டில் பொறிப்பார்கள். கேட்டு மாண்டவர்களின் பெயரை நாம்தான் நெஞ்சில் பொறிக்க வேண்டும். அந்த உரிமைக்கு இன்று பகைவர் உண்டு. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட மின்சாரத் திருத்த மசோதாவின் வரைவு என்ன சொன்னது? முதலில் முழுக் கட்டணத்தையும் கட்டு. மானியம் பின்னர் உன் கணக்கில் வந்து சேரும் என்றது. தில்லி எல்லையில் 2020-21 குளிரிலும் வெயிலிலும் அமர்ந்திருந்த உழவர்கள் மூன்று வேளாண் சட்டங்களோடு இந்த மசோதாவையும் எதிர்த்தது அதனால்தான். 2022-இல் அது மக்களவைக்கு வந்தது. 2025-இல் மற்றொரு வரைவாக மீண்டும் தலை நீட்டியது. உலர்த்திக்கு மின்சாரம் கேட்கும் நாம், இருக்கும் மின்சாரத்தையும் காத்தபடியே கேட்க வேண்டியிருக்கிறது.

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "ஒவ்வோர் உழவனுக்கும் மானியத்தில் ஓர் உலர்த்தி, அவன் இணைப்பிலேயே மின்சாரம்" என்று கேட்பது நம் வழியன்று. காவிரிப் பகுதியில் குத்தகைக்கு உழுவோர் எத்தனை பேர்! நிலம் கோயிலுடையது, மடத்துடையது, வெளியூரில் வாழும் மிராசுதாரருடையது. மின் இணைப்பு யார் பெயரில்? நிலத்துக்குடையவர் பெயரில். மானிய விண்ணப்பத்தோடு கேட்கும் பட்டாவும் சிட்டாவும் யார் பெயரில்? அதே பெயரில். சேற்றில் நின்றவன் பெயர் எங்கும் இல்லை. நெல்லைக் கொட்டக் களமும் அவனுக்கு இல்லை. அதனால்தான் நெடுஞ்சாலையில் கொட்டுகிறான். தனிமனிதனுக்குத் தரும் மானியம் ஏற்கெனவே உள்ளவனிடம்தான் போய்ச் சேரும். அவன் உலர்த்தியை வாங்கி, மூட்டைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கி, இன்னொரு வட்டிக்கடை திறப்பான். ஆகவே உலர்த்தி கொள்முதல் நிலையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நிற்க வேண்டும். நெல் யார் பெயரில் உள்ள நிலத்தில் விளைந்தது என்று பொறி கேட்காது.

"வெயிலில் இயங்கும் சூரிய உலர்த்தி வந்துவிட்டதே" என்று சிலர் படம் காட்டுகிறார்கள். மிளகாய்க்கும் தேங்காய்ப் பருப்புக்கும் அது நல்ல சாதனம், மறுக்கவில்லை. ஆனால் குறுவை நனைவது வெயில் இல்லாத நாளில். வெயில் அடித்தால் சிமெண்டுக் களமே போதுமே! மழை நாளுக்குச் சூரிய உலர்த்தி தருவது, கோடையில் குடை கொடுத்துவிட்டுக் கார்த்திகையில் பிடுங்கிக் கொள்வது போலாகும்.

வியத்நாம் நாட்டைப் பாருங்கள். அங்கே மேகாங் கழிமுகத்திலும் நம்மைப் போலவே மழைக்குள் அறுவடையாகும் போகம் உண்டு. 1980-களிலிருந்து அங்கே ஒரு எளிய உலர்த்தி பரவியது. செங்கல் சுவர் எழுப்பிய ஒரு தொட்டி, துளையிட்ட தளம், அதன்மேல் ஓரடி உயரத்துக்கு நெல், பக்கத்திலே உமி அடுப்பு, சூடான காற்றைத் தளத்தின் அடியிலே செலுத்தும் ஓர் ஊதுவிசிறி. அவ்வளவுதான். ஊர்க் கொத்தனாரும் கருமாரும் சேர்ந்து கட்டிவிடக் கூடியது. ஏகாதிபத்தியத்தின் குண்டுகளால் குழி விழுந்த நிலம் அது. அவர்களால் அடுப்பு மூட்ட முடிந்தது. குண்டு விழாத நம் மண்ணில் ஆண்டுதோறும் தார்ப்பாய்தான் வாங்குகிறார்கள்.

இனிச் சேமிப்புக்கு வருவோம். உலர்த்துவதன் அரசியல் அங்கேதான் இருக்கிறது. நம் வீடுகளில் குதிர் இருந்தது, பத்தாயம் இருந்தது, வைக்கோல் புரி சுற்றிய சேர் இருந்தது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அந்தக் களஞ்சியம் நிறைந்தபோது உழுதவன் வயிறு நிறைந்ததா என்று கேட்காதீர்கள். அது வேறு கதை. ஆனால் காய்ந்த நெல் காத்திருக்கும் என்ற உண்மையை அந்தச் செங்கல் சொல்கிறது. இன்று பத்தாயம் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டது. அறுத்த அன்றே நெல் விற்றாக வேண்டும். ஏன்? ஈரம்! ஈர நெல்லுக்குக் காத்திருக்கத் தெரியாது. காத்திருக்க முடியாதவனிடம் பேரம் பேசுவது வியாபாரிக்கு எவ்வளவு எளிது! கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிய மூட்டையைச் சாலைத் திருப்பத்திலே மடக்கி, "இந்த விலைக்குக் கொடுக்கிறாயா, முளைக்க விடுகிறாயா?" என்று கேட்பவனுக்கு மூலதனம் பணம் அன்று, மழை மேகம். மூட்டைக்கு இவ்வளவு என்று கைநீட்டும் சில்லறைக் கொள்ளைக்கும் அந்த 17-க்கும் 18-க்கும் இடையிலுள்ள இருட்டுத்தான் இருப்பிடம்.

நெல் 14 விழுக்காட்டுக்கு உலர்ந்து, கூட்டுறவுக் கிடங்கிலே அடுக்கப்பட்டு, அதன் மீது ஈட்டுக் கடனும் கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? உழவன், "நாளைக்கு வா" என்பான். வியாபாரியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லும் வலிமைதான் தோழர்களே, உலர்த்தியின் விளைச்சல். கிடங்குக்குக் கூரை மட்டும் போதாது. அடுக்கின் சூட்டை அவ்வப்போது வெளியேற்றக் காற்றோட்டம் வேண்டும். அதற்குச் சிறு விசிறிகள் வேண்டும். அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். உலர்த்துவதற்கு ஆவதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. இதைத் தனியார் எஃகுக் கொள்கலன்களிடம் ஒப்படைத்துவிட்டு வாடகைக் கணக்கு எழுதுவதே நவீனம் என்று மத்தியில் இருப்போர் எண்ணுகிறார்கள். கொள்கலன் நல்லதுதான், சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்திலிருந்தே ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். களத்திலே நெல்லைக் காலால் கிளறி, கூட்டி, தூற்றி, பொழுதுக்கும் நிற்பவர்கள் விவசாயத் தொழிலாளிப் பெண்கள். பொறி வந்தால் அவர்கள் கூலி என்னாகும்? அறுவடை இயந்திரம் வந்தபோது இக்கேள்வியை நாம் உரக்கக் கேட்கவில்லை. அதன் விலையை அவர்கள் கொடுத்தார்கள். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்ட கோபத்தில் 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் கொளுத்திய மண் இது. இங்கே களத்துமேட்டில் எதை மாற்றினாலும் கூலியைப் பற்றிப் பேசாமல் மாற்றக் கூடாது. ஆகவே உலர்த்தியை இயக்கும் வேலையும், உமி அடுப்பைப் பார்க்கும் வேலையும், ஈரம் அளக்கும் வேலையும் அந்தந்த ஊர்த் தொழிலாளிகளுக்கே, பெண்களுக்கே, மாதச் சம்பளத்தோடு தரப்பட வேண்டும். ஆண்டில் நான்கு மாதம் குறுவைக்கும் சம்பாவுக்கும் ஓடும் பொறி, மற்ற மாதங்களில் உளுந்தையும் பயறையும் எள்ளையும் உலர்த்தலாம். மழையில் நெடுஞ்சாலையிலே நின்று, லாரிக்கு அஞ்சி அஞ்சி நெல் கிளறுவது எந்தப் பெண்ணும் விரும்பி ஏற்ற வேலையன்று.

மற்றொரு தடை உண்மையானது. மழை கடுமையாகும் நாளில் முதலில் போவது மின்சாரம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்கம்பங்கள் வைக்கோல் தாள்போல் மடிந்து கிடந்ததை நாம் பார்த்தோம். ஆகவே உலர்த்தி நிற்கும் இடத்துக்குத் தனி மின்மாற்றி வேண்டும். மும்முனை மின்சாரம் பொழுதெல்லாம் வேண்டும். கம்பி அறுந்தால் கைகொடுக்க டீசல் இயந்திரம் ஒன்று பக்கத்தில் வேண்டும். இதற்கெல்லாம் பணமா என்று கேட்பவர்கள், முளைத்த நெல்லுக்காக அறிவிக்கும் நிவாரணத்தையும், நிறம் மாறிய அரிசியைக் கழித்துக் கட்டும் நட்டத்தையும், குழுக்கள் வந்துபோகும் செலவையும் ஒரே தாளில் கூட்டிக் காட்டட்டும். கூட்ட மாட்டார்கள். அவை வெவ்வேறு கோப்புகளில் உறங்குகின்றன.

கொள்முதல் நிலையம் என்ற பெயரில் ஆண்டுதோறும் கீற்றுப் பந்தலும் தார்ப்பாயும் வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கும் இடங்கள் எத்தனை? நிரந்தரக் கட்டடம் உள்ளவை எத்தனை? அவற்றில் மும்முனை இணைப்பு உள்ளவை எத்தனை? உலர்த்தி உள்ளவை எத்தனை? இதற்கு விடை தலைநகரிலிருந்து வரும் வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கிளைதோறும் இரண்டு தோழர்கள் ஒரு சைக்கிளில் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எண்ணிவிடலாம். நிலையத்தின் பெயர், ஊர், களத்தின் அளவு, மின்கம்பம் எவ்வளவு தூரத்தில், மின்மாற்றியின் திறன் என்ன, அருகிலுள்ள ஆலையில் உமி என்ன விலை, கடந்த குறுவையில் எத்தனை மூட்டை திருப்பி அனுப்பப்பட்டது, யாருடையது, குத்தகைதாரர் எத்தனை பேர்: இவ்வளவும் ஒரு முழுத்தாளில் அடங்கும். அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் வட்டக் குழுக்கள் அந்தத் தாள்களைச் சேர்க்கட்டும். தண்ணீர் கல்லணையைக் கடக்கும் நாளில் அந்தக் கட்டு ஆட்சியர் மேசை மீது இருக்க வேண்டும். இம்முறை மனுவின் முதல் வரியில் 22 என்ற எண் வேண்டாம்; ஊரின் பெயரையும், அங்கே நட வேண்டிய கம்பங்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.